பத்துப் பேர் லாகின் செய்யும் கணினியில் ஒரு நெட்வொர்க் சேவையை இயக்குவது

பெங்களூருவில் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் பலருக்கு முதல் வாரத்தில் கையில் கிடைப்பது ஒரு யூசர் பெயரும் ஒரு ஐபி முகவரியும்தான். கணினி எங்கேயோ இருக்கும். ஒயிட்ஃபீல்டில் ஒரு டேட்டா சென்டரில் இருக்கலாம், அதே அலுவலகத்தில் யுபிஎஸ் பக்கத்தில் மேஜைக்கு அடியிலும் இருக்கலாம். அதில் அவர்கள் மட்டுமல்ல, இன்னும் பலர் ஒரே நேரத்தில் லாகின் செய்து வேலை பார்ப்பார்கள். ஒரு நாள் மேலே இருப்பவர் வந்து, "அந்த போஸ்ட்கிரஸ் சர்வீஸை எனேபிள் பண்ணிடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போவார். போஸ்ட்கிரஸ் என்பது ஒரு டேட்டாபேஸ். இணையத்தில் தேடினால் ஒற்றை வரிக் கமாண்ட் கிடைக்கும். அடித்தால் ஓடவும் செய்யும். ஆனால் அந்த ஒரு வரி என்னென்ன செய்தது, யார் யாருக்கு வழி திறந்தது என்பதைப் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. அதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

கமாண்டுகளை உச்சரிக்கிறபடியே தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

பேசுவதற்கு வசதியாக ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு சின்ன அலுவலகம். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்றில் உபுண்டு லினக்ஸ் போட்டு, பத்துப் பேருக்கு யூசர் கணக்கு திறந்து கொடுத்திருக்கிறார்கள். கணக்கு வழக்கு பார்க்கும் அக்காவுக்கு டேட்டாபேஸ் வேண்டும். டேட்டா அனலிசிஸ் செய்யும் தம்பிகள் இருவருக்கு, பிரவுசரிலேயே புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்க்கும் ஜூபிட்டர் நோட்புக் வேண்டும். வெப்சைட் செய்பவருக்கு வெப் சர்வர் வேண்டும். எல்லோருக்கும் வீட்டிலிருந்து லாகின் செய்ய எஸ்எஸ்ஹெச் வேண்டும். இவை எல்லாமே நெட்வொர்க் சேவைகள்தான்.

கோப்புக்கு உரிமையாளர் உண்டு, போர்ட்டுக்குக் கிடையாது

பல பேர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்வது லினக்ஸுக்கு முன்பே வந்த யோசனை. 1969-இல் பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை உருவாக்கத் தொடங்கியபோது ஒரு கணினியின் விலை ஒரு துறையின் பட்ஜெட்டையே விழுங்கிவிடும். ஆளுக்கு ஒன்று என்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அதனால் ஒவ்வொரு யூசருக்கும் ஓர் எண், ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர், ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஓர் உரிமையாளர் என்று பிரித்து வைத்தார்கள். எண் 0 கொண்டவர் ரூட். அவருக்கு எந்தத் தடையும் இல்லை. மற்றவர்களுக்கு அவரவர் ஹோம் ஃபோல்டர், அவரவர் எல்லை. அக்காவின் கணக்குக் கோப்பை, அவர் அனுமதி கொடுக்காதவரை, தம்பி திறந்து பார்க்க முடியாது.

இந்தப் பிரிவினை நெட்வொர்க்குக்கு வரும்போது பாதியில் நின்றுவிடுகிறது. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான். பத்துப் பேருக்கும் பத்து ஹோம் ஃபோல்டர் இருக்கிறது. ஆனால் பத்துப் பேருக்கும் சேர்த்து ஐபி முகவரி ஒன்றுதான், போர்ட்டுகளின் வரிசை ஒன்றுதான், கணினி தன்னையே அழைத்துக்கொள்ளும் முகவரியான லோக்கல்ஹோஸ்ட்டும் (127.0.0.1) ஒன்றுதான். ஒருவர் தன் வேலைக்காக ஒரு சேவையை ஓடவிட்டால் அது எல்லோருக்கும் பொதுவான இடத்தில் போய் உட்காருகிறது.

போர்ட் என்றால் என்ன என்று புதிதாக வருகிறவர்களுக்கு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டைச் சொல்லலாம். மெஜஸ்டிக் வரைக்கும் வந்து சேர்வது ஐபி முகவரியின் வேலை. வந்த பிறகு எந்தப் பிளாட்ஃபாரத்தில் நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது போர்ட் எண். 16 பிட் எண் என்பதால் 65535 வரை போகும். எஸ்எஸ்ஹெச்சுக்கு 22, வெப் சர்வருக்கு 80, பூட்டுக்குறியோடு வரும் பாதுகாப்பான வெப்சைட்டுக்கு 443, மைஎஸ்க்யூஎல்லுக்கு 3306, போஸ்ட்கிரஸுக்கு 5432 என்று வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. இது வழக்கம்தான், சட்டமில்லை. எந்த எண்ணிலும் எந்தச் சேவையையும் ஓட்டலாம், ஒரே ஒரு தடையைத் தவிர: 1024-க்குக் கீழே உள்ள எண்களை ரூட் அதிகாரம் இருப்பவர் மட்டுமே எடுக்க முடியும்.

அந்தத் தடை எதற்காக வந்தது என்று பார்த்தால் பல பேர் பகிரும் கணினியின் கவலை நன்றாகப் புரியும். பல்கலைக்கழகங்களில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் ஒரே யூனிக்ஸ் இயந்திரத்தில் லாகின் செய்த காலம் அது. அதில் ஒரு மாணவர் விளையாட்டாக ஒரு போலி லாகின் புரோகிராமை எழுதி, தூரத்திலிருந்து லாகின் செய்ய அன்று பயன்பட்ட டெல்நெட்டின் 23-ஆம் போர்ட்டில் உட்காரவைத்தால் என்ன ஆகும்? வருகிறவர்கள் எல்லோரும் பாஸ்வேர்டை அவரிடமே தட்டிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். சிறிய எண் என்றால் நிர்வாகி வைத்த சேவை என்று நம்பலாம் என்பதற்காகவே அந்த ஏற்பாடு.

1024-க்கு மேலே அந்தக் காவல் இல்லை. முதலில் எடுத்தவருக்கே போர்ட். நம் அல்சூர் அலுவலகத்தில் முதல் தம்பி காலையில் வந்து ஜூபிட்டரைத் தொடங்குகிறார், அது 8888-ஐ எடுத்துக்கொள்கிறது. இரண்டாவது தம்பி பத்து மணிக்குத் தொடங்குகிறார். 8888 பிடிபட்டிருப்பதைப் பார்த்த ஜூபிட்டர் தானாகவே 8889-க்கு நகர்ந்துவிடுகிறது. அவர் அதைக் கவனிக்காமல், பிரவுசரில் சேமித்து வைத்திருந்த பழைய 8888 முகவரியைத் திறக்கிறார். வருவது முதல் தம்பியின் லாகின் பக்கம். இவர் தன் பாஸ்வேர்டை அதில் தட்டுகிறார். இரண்டு பேரும் நல்லவர்கள் என்பதால் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்தப் பாஸ்வேர்டு வேறொருவர் பெயரில் ஓடும் புரோகிராமுக்குப் போய்விட்டது.

இப்போது ஓடுவது வேறு, நாளைக்கும் ஓடுவது வேறு

பின்னணியில் காத்திருந்து, யாராவது இணைந்தால் பதில் சொல்லும் புரோகிராமை டீமன் என்பார்கள். எஸ்எஸ்ஹெச்டி என்று பெயரின் கடைசியில் வரும் 'டி' அதைத்தான் குறிக்கிறது. இன்றைய லினக்ஸ் கணினிகள் பெரும்பாலானவற்றில் இந்த டீமன்களைத் தொடங்குவதும் நிறுத்துவதும் சிஸ்டம்டியின் பொறுப்பு. 2010-இல் வந்தது. அதோடு பேசும் கமாண்ட் சிஸ்டம்சிடிஎல்.

புதியவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது குழம்புவது இங்கேதான். சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட் என்றால் சேவை இந்த நிமிடம் ஓடத் தொடங்கும், அவ்வளவுதான். சிஸ்டம்சிடிஎல் எனேபிள் என்றால் இப்போது எதுவும் ஓடாது. அடுத்த முறை கணினி பூட் ஆகும்போது இதையும் தொடங்கு என்று எழுதி வைத்துக்கொள்ளும். உண்மையிலேயே எழுதித்தான் வைக்கிறது. எனேபிள் கொடுத்ததும் திரையில் வரும் வரியைக் கூர்ந்து பாருங்கள். ஒரு சிம்லிங்க், அதாவது வேறொரு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி, உருவானதாகச் சொல்லும். அது போய்ச் சேரும் ஃபோல்டரின் பெயர் மல்ட்டி-யூசர் டார்கெட் வான்ட்ஸ். அதாவது பல யூசர்கள் லாகின் செய்யத் தயாரான நிலையைக் கணினி எட்டும்போது இந்தச் சேவையும் வேண்டும் என்று ஒரு குறிப்பு. பழைய யூனிக்ஸ் வழிமுறையில் இதையே ரன்லெவல் 3 என்றார்கள்.

இந்த வித்தியாசம் பெங்களூருவில் மே மாத மழைக்குத்தான் தெரியவரும். சாயங்காலம் காற்றடித்து மின்சாரம் போகும், யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டுக் கைவிடும். மின்சாரம் வந்து கணினி தானே பூட் ஆகி நிற்கும்போது டேட்டாபேஸ் மட்டும் இருக்காது. மூன்று மாதத்துக்கு முன்பு யாரோ ஸ்டார்ட் மட்டும் கொடுத்திருப்பார்கள், எனேபிள் கொடுத்திருக்க மாட்டார்கள். எனேபிளோடு 'நௌ' என்ற ஆப்ஷனையும் சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் ஒரே அடியில் முடியும். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: டிசேபிள் கொடுத்தால் அடுத்த பூட்டில் வராது, ஆனால் இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஓடிக்கொண்டேதான் இருக்கும். "டிசேபிள் பண்ணிட்டேனே" என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடக் கூடாது.

இன்னொன்று. உபுண்டு, டெபியன் குடும்பத்தில் ஒரு சர்வர் பேக்கேஜை நிறுவினாலே பெரும்பாலும் அது தானாக ஓடத் தொடங்கிவிடும், எனேபிளும் ஆகிவிடும். ரெட் ஹேட், ஃபெடோரா குடும்பத்தில் நிறுவினால் சும்மா இருக்கும். நாமாகத் தொடங்க வேண்டும். எனக்கு இரண்டாவது வழக்கம்தான் பிடிக்கும். பலர் பகிரும் கணினியில் ஒரு சேவை ஓட வேண்டுமா என்பதை ஒரு மனிதர் முடிவு செய்ய வேண்டும், பேக்கேஜ் முடிவு செய்யக் கூடாது.

ரீஸ்டார்ட் கொடுக்கும்போதும் மற்றவர்கள் ஞாபகத்துக்கு வர வேண்டும். டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்தால் அக்கா பாதியில் வைத்திருக்கும் பதிவு அறுந்து போகும். சேவையின் அமைப்புகளை எழுதி வைக்கும் கான்ஃபிக் கோப்பில் சின்ன மாற்றம்தான் என்றால் பல சேவைகளுக்கு ரீலோடு போதும், இணைப்புகள் அறுபடாது.

எல்லாமே திறந்திருந்த காலம்

1980-களில் மெமரி அரிதான பொருள். இருபது சேவைக்கு இருபது டீமன் காத்திருப்பது கட்டுப்படியாகாது. அதனால் பெர்க்லி யூனிக்ஸில் ஐநெட்டி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது ஒன்றே எல்லாப் போர்ட்டுகளிலும் காத்திருக்கும். யாராவது வந்தால் அதற்குரிய புரோகிராமை எழுப்பிக் கையில் கொடுக்கும். அதன் கான்ஃபிக் கோப்பில் சேவைக்கு ஒரு வரி. வரியின் முன்னால் ஹேஷ் குறி இருந்தால் சேவை இல்லை, குறியை அழித்தால் உண்டு. அன்றைக்குச் சேவையை எனேபிள் செய்வது அவ்வளவுதான்.

சிக்கல் என்னவென்றால், பல இயந்திரங்கள் அந்த வரிகள் பலவும் திறந்த நிலையிலேயே வந்து இறங்கின. யார் லாகின் செய்திருக்கிறார்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லும் ஃபிங்கர் சேவையும் அதில் ஒன்று. 1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் வெளியிட்ட புழு (தானாகவே பரவும் புரோகிராம்) அந்த ஃபிங்கர் டீமனில் இருந்த ஓட்டை வழியாகவும், மெயில் அனுப்பும் சென்ட்மெயிலில் மூடாமல் விட்டிருந்த, பிழை தேட உதவும் டீபக் வசதி வழியாகவும் இயந்திரம் விட்டு இயந்திரம் தாவியது. அப்போது இணையத்தில் இருந்ததாகக் கணக்கிடப்பட்ட 60,000 கணினிகளில் சுமார் 6,000 பாதிக்கப்பட்டதாக மதிப்பிட்டார்கள். அந்த இயந்திரங்களின் யூசர்கள் பலருக்கு ஃபிங்கர் தேவையாகவே இருந்திருக்காது. பிற்பாடு ஓபன்பிஎஸ்டி போன்ற யூனிக்ஸ் வகைகள் எல்லாச் சேவையையும் மூடியே கொடுப்போம், வேண்டியவர் திறந்துகொள்ளட்டும் என்று தலைகீழாக மாற்றியதற்கு இந்த அனுபவங்கள்தான் பின்னணி.

ஐநெட்டியின் யோசனை இன்னும் சாகவில்லை. சிஸ்டம்டியில் சாக்கெட் ஆக்டிவேஷன் என்ற பெயரில் திரும்ப வந்திருக்கிறது. உபுண்டு 22.10 முதல் எஸ்எஸ்ஹெச்சையே இந்த முறைக்கு மாற்றினார்கள். அதனால் பழைய பழக்கத்தில் கான்ஃபிக் கோப்பில் போர்ட் எண்ணை மாற்றி, எஸ்எஸ்ஹெச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் செய்துவிட்டு, ஏன் இன்னும் 22-லேயே இருக்கிறது என்று முழிப்பவர்கள் உண்டு. சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோடு கொடுத்துவிட்டு, சாக்கெட்டையும் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

எந்த முகவரியில் காத்திருக்கிறது?

எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி இது. எஸ்எஸ் என்ற கமாண்டோடு டி, எல், என், பி (tlnp) என்ற நான்கு எழுத்துகளை ஆப்ஷனாகச் சேர்த்து, ரூட் அதிகாரம் தரும் சூடோவோடு ஓட்டிப் பாருங்கள். சூடோ இல்லாமல் ஓட்டினால் மற்றவர்களின் புரோகிராம் பெயர் தெரியாது. காத்திருக்கும் சேவைகள் வரிசையாக வரும். நான்காவது நெடுவரிசையில் இருக்கும் முகவரியை மட்டும் படியுங்கள்.

ஒரு வரியில் 127.0.0.1:5432 என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். போஸ்ட்கிரஸ் இந்தக் கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்கும். அடுத்த வரியில் 0.0.0.0:22. கணினிக்கு எத்தனை நெட்வொர்க் இருக்கிறதோ அத்தனையிலிருந்தும் எஸ்எஸ்ஹெச் இணைப்பை ஏற்கும். இன்னொரு வரியில் 192.168.1.20:80 என்று இருந்தால் அலுவலக நெட்வொர்க்கின் அந்த ஒரு முகவரிக்கு வருவதை மட்டும் வெப் சர்வர் ஏற்கும். நட்சத்திரக் குறியோ, சதுர அடைப்புக்குள் இரண்டு முக்காற்புள்ளியோ இருந்தால் அதுவும் "எங்கிருந்தும்" என்பதுதான்.

127-க்கும் 0-க்கும் உள்ள வித்தியாசத்துக்கு உலகம் பெரிய விலை கொடுத்திருக்கிறது. 2017 ஜனவரியில் பாஸ்வேர்டே இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்த மோங்கோடிபி டேட்டாபேஸ்களை ஆயிரக்கணக்கில் அழித்துவிட்டு, திருப்பித் தர பிட்காயின் கேட்டார்கள். எந்த மேதாவித்தனமும் தேவைப்படவில்லை. ஷோடான் போன்ற தேடுபொறிகளில் தேடினாலே திறந்த போர்ட்டுகள் கிடைத்துவிடும். அதே ஆண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பிலிருந்து மோங்கோடிபி எல்லா நிறுவல்களிலும் லோக்கல்ஹோஸ்ட்டில் மட்டுமே காத்திருக்கத் தொடங்கியது.

இதுவரை சொன்னதை எல்லாப் பாடப் பக்கங்களும் சொல்லும். "லோக்கல்ஹோஸ்ட்டில் வை, பாதுகாப்பு" என்று முடித்துவிடும். உங்கள் சொந்த லேப்டாப்புக்கு அது ஓரளவு சரி. பத்துப் பேர் லாகின் செய்யும் கணினிக்கு அது சரியே இல்லை. 127.0.0.1 என்றால் "நான் மட்டும்" என்று பொருளில்லை, "இந்தக் கணினிக்குள் இருக்கும் யாரும்" என்று பொருள். பாஸ்வேர்டு போல ஜூபிட்டர் கேட்கும் டோக்கனைத் தம்பி நீக்கிவிட்டு, ஜூபிட்டரை லோக்கல்ஹோஸ்ட்டில் ஓட்டினால், அதே கணினியில் லாகின் செய்திருக்கும் மற்ற ஒன்பது பேரில் எவரும் அதனோடு இணைந்து, தம்பியின் பெயரில், தம்பியின் எல்லாக் கோப்புகளையும் படிக்கலாம், அழிக்கலாம். ஃபோல்டருக்குப் போட்டு வைத்த அனுமதிப் பூட்டெல்லாம் அந்த வழியில் வேலைக்கு ஆகாது. ஜூபிட்டர் தொடக்கத்தில் நீளமான டோக்கன் ஒன்றைக் காட்டுகிறதே, அதை ஒரு தொந்தரவு என்று நீக்கிவிடாதீர்கள்.

அப்படியென்றால் கோப்பின் உரிமையாளர் முறையை நெட்வொர்க்குக்கும் கொண்டுவர வழியே இல்லையா? ஒரே கணினிக்குள் பேசிக்கொள்ள இருக்கிறது. அதற்குப் பெயர் யூனிக்ஸ் சாக்கெட். இதற்குப் போர்ட் எண் கிடையாது. கோப்பு போல ஒரு ஃபோல்டரில் இருக்கும், அதற்கு உரிமையாளரும் அனுமதியும் உண்டு. போஸ்ட்கிரஸ் இதை அழகாகப் பயன்படுத்துகிறது. உபுண்டுவில் நிறுவியதும் பியர் என்ற முறையில் அமைந்திருக்கும்: சாக்கெட் வழியாக வருபவர் யார் என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிடமே கேட்டுவிடும். அக்கா தன் பெயரில் லாகின் செய்திருந்தால் டேட்டாபேஸிலும் அக்காவாகவே நுழைவார், பாஸ்வேர்டு தேவையில்லை. வேறொருவர் அக்கா பெயரைச் சொல்லி நுழைய முடியாது. எல்லோரும் அதே கணினியில் லாகின் செய்துதான் வேலை செய்கிறார்கள் என்றால் டேட்டாபேஸை நெட்வொர்க்கில் திறக்கவே வேண்டாம். "எனேபிள் பண்ணிடுப்பா" என்று கேட்டவரிடம், வெளியிலிருந்து யாராவது இணைய வேண்டுமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பாதி நேரம் வேண்டாம் என்பதுதான் பதிலாக இருக்கும்.

வீட்டிலிருந்து ஜூபிட்டரைப் பார்க்க வேண்டும் என்பதற்காக 0.0.0.0-க்கு மாற்றத் தேவையில்லை. எஸ்எஸ்ஹெச்சில் பெரிய எழுத்து எல் ஆப்ஷனைக் கொடுத்து, உங்கள் லேப்டாப்பின் 8888-ஐ அங்கே இருக்கும் 8888-ஓடு இணைத்துக்கொள்ளலாம். போக்குவரத்து எல்லாம் எஸ்எஸ்ஹெச்சுக்குள் பூட்டப்பட்டுப் போகும். புதிதாக எந்தப் போர்ட்டும் வெளியே தெரியாது. ஆனால் டோக்கன் அப்போதும் வேண்டும். ஏன் என்று மேலேயே பார்த்துவிட்டோம்.

யாருடைய பெயரில் ஓடுகிறது, யாரை உள்ளே விடுகிறது

சேவைகளை ரூட்டாக ஓட்டாதீர்கள். நல்ல பேக்கேஜ்கள் தாமே இதைப் பார்த்துக்கொள்கின்றன. போஸ்ட்கிரஸ் தன் பெயரிலேயே ஒரு யூசரை உருவாக்கிக்கொள்ளும். உபுண்டுவில் அப்பாச்சி 80-ஆம் போர்ட்டை எடுக்க ரூட்டாகத் தொடங்கி, வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் வேலையை டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற யூசர் பெயரில் செய்யும். வெப் சர்வரில் ஓட்டை விழுந்தாலும் நுழைந்தவர் கைக்கு வருவது அந்த யூசரின் சிறிய எல்லை மட்டுமே. நீங்களே எழுதிய புரோகிராமைச் சேவையாக ஓட்டும்போதும் இதே மாதிரி தனி யூசரை உருவாக்குங்கள்.

எஸ்எஸ்ஹெச்சுக்கு வருவோம். 1995-இல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாது யுலோனென் இதை எழுதியதற்குக் காரணம், அங்கே நெட்வொர்க்கை ஒட்டுக்கேட்டு யாரோ பாஸ்வேர்டுகளைத் திருடியதுதான். 21-இல் எஃப்டிபி, 23-இல் டெல்நெட், நடுவில் 22 காலியாக இருந்தது, கேட்டு வாங்கிக்கொண்டார். இன்றைக்கு 22-ஐ இணையத்துக்குத் திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து பாஸ்வேர்டு முயற்சிகள் வரத் தொடங்கும், நடந்ததைப் பதிவு செய்யும் லாகில் பார்க்கலாம். பத்துப் பேரில் ஒருவர் பலவீனமான பாஸ்வேர்டு வைத்திருந்தாலே போதும். அதனால் பாஸ்வேர்டு லாகினை நிறுத்தி, கீ (அவரவர் கணினியில் வைத்திருக்கும் ரகசியக் கோப்பு) வைத்து மட்டும் நுழையச் செய்வதும், அலௌகுரூப்ஸ் என்ற அமைப்பில் ஒரு குழுவைக் குறிப்பிட்டு அதில் இருப்பவர்களை மட்டும் விடுவதும் நல்லது. உபுண்டுவில் ஒரு கண்ணி இருக்கிறது. நீங்கள் முக்கியக் கோப்பில் பாஸ்வேர்டு வேண்டாம் என்று எழுதியிருப்பீர்கள், ஆனால் பக்கத்தில் இருக்கும் துணை ஃபோல்டரில் நிறுவலின்போதே வந்த ஒரு சிறு கோப்பு வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும். முதலில் படிக்கப்படுவதே செல்லும் என்பதால் அதுதான் ஜெயிக்கும். எஸ்எஸ்ஹெச்டியைப் பெரிய எழுத்து டி (T) ஆப்ஷனோடு ஓட்டினால் உண்மையில் அமலில் இருக்கும் அமைப்பைக் காட்டிவிடும். சின்ன எழுத்து டி (t), கான்ஃபிக்கில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். மாற்றம் செய்யும்போது ஏற்கெனவே இருக்கும் லாகினை மூடாமல், இன்னொரு டெர்மினலில் புதிதாக நுழைந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் போர்ட்டுக்கு யார் வரலாம் என்று வடிகட்டும் ஃபயர்வாலைப் பற்றிச் சுருக்கமாக. உபுண்டுவில் யுஎஃப்டபிள்யூ என்ற எளிய ஃபயர்வால் வரும், ஆனால் அணைந்த நிலையில்தான் வரும். அதை எனேபிள் செய்வதற்கு முன்னால் 22-க்கு அனுமதி எழுதிவிடுங்கள், இல்லையென்றால் மேஜைக்கு அடியில் இருக்கும் கணினிக்குக் கீபோர்டு மாட்டிக்கொண்டு உட்கார வேண்டியதாகிவிடும். புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் வைத்து ஓட்டும் டாக்கர் வெளியே திறந்துவிடும் (பப்ளிஷ் செய்யும்) போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ விதிகளைத் தாண்டிப் போய்விடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமாக எழுதும் ஃபயர்வால் விதிகள் ஒரே கணினிக்குள் ஒரு யூசரிடமிருந்து இன்னொரு யூசரைக் காப்பாற்றாது.

ரூட் அதிகாரம் இல்லாதவர்கள் என்ன செய்வது? சிஸ்டம்சிடிஎல்லோடு யூசர் ஆப்ஷனைச் சேர்த்து உங்கள் பெயரிலேயே சேவை ஓட்டலாம். நீங்கள் லாக்அவுட் ஆனதும் அதுவும் நின்றுவிடும். நிற்காமல் ஓட வேண்டுமென்றால் உங்கள் பெயருக்கு லிங்கர் என்ற அனுமதி வேண்டும்; சில இடங்களில் அதை நிர்வாகியிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். இந்திய அறிவியல் கழகத்தில் 2022-இல் நிறுவிய பரம் பிரவேகா மாதிரி 3.3 பெட்டாஃப்ளாப்ஸ் சூப்பர்கம்ப்யூட்டரானாலும், ஆய்வாளர்கள் முதலில் வந்து இறங்குவது எல்லோருக்கும் பொதுவான லாகின் நோடில்தான். அப்படிப்பட்ட இடத்தில் கேட்காமல் எந்தச் சேவையையும் ஓடவிடாதீர்கள்.

நிறுவனம் நடத்துகிறவர்களுக்குச் சட்டம் சார்ந்த ஒரு பக்கமும் உண்டு. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி, அத்துமீறிய நுழைவு போன்ற சம்பவங்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கணினிக் கடிகாரத்தைத் தேசியத் தகவலியல் மையம் அல்லது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துவைக்க வேண்டும். சிஸ்டம்டியின் லாக் இடத்தை வைத்துத்தான் கணக்குப் பார்க்கும்; அளவு தாண்டினால் பழையதைத் தானே அழித்துவிடும். 180 நாள் வேண்டுமென்றால் அந்த அளவை ஏற்றிவைக்கவோ, லாகை வேறொரு கணினிக்கு அனுப்பவோ வேண்டும்.

"அண்ணா, எனக்கு வருது, அவருக்கு வரலயே"

எந்தச் சேவையைத் திறந்தாலும் அரை மணி நேரத்துக்குள் வரும் கேள்வி இது. பதற்றப்பட வேண்டாம். அவர் திரையில் என்ன வாசகம் வருகிறது என்று கேளுங்கள். "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" என்று உடனே வந்தால் நல்ல செய்தி: அவரால் கணினி வரைக்கும் வர முடிகிறது, அந்தப் போர்ட்டில்தான் யாரும் இல்லை. சேவை ஓடவில்லை, அல்லது 127.0.0.1-இல் மட்டும் காத்திருக்கிறது. சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸும் எஸ்எஸ்ஸும் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். வெகுநேரம் சுற்றிவிட்டு "டைம்டு அவுட்" என்று வந்தால் நடுவில் ஏதோ ஒன்று பேசாமல் விழுங்குகிறது. யுஎஃப்டபிள்யூ வழக்கமாகச் செய்வது அதுதான். ரெட் ஹேட் வகைக் கணினியில் ஃபயர்வால்டி தடுத்தால் "நோ ரூட் டு ஹோஸ்ட்" என்றுகூட வரும்; கேபிளைக் கழற்றி மாட்ட ஓடாதீர்கள்.

அலுவலகத்துக்குள் வருகிறது, வீட்டிலிருந்து மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் அலுவலக ரௌட்டரிலோ பிராட்பேண்ட் இணைப்பிலோ இருக்கிறது விஷயம். நம் ஊர் இணைப்புகள் பலவற்றில் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுத்திருப்பார்கள். வெளியிலிருந்து நேராக உங்கள் கணினிக்கு வர முடியாது. அதற்காக வேறு குறுக்கு வழி தேடுவதைவிட, வெளியே ஒரு சின்ன சர்வரை எடுத்து, வயர்கார்டு விபிஎன் போட்டுக்கொள்வது மேல். 2020-இல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. சரியான கீ இல்லாதவருக்கு அது பதிலே சொல்லாது.

கடைசியாக, யாராவது வேலையை விட்டுப் போகும்போது செய்ய வேண்டிய வேலை. பாஸ்வேர்டு (passwd) கமாண்டில் எல் ஆப்ஷனைக் கொடுத்துக் கணக்கைப் பூட்டிவிட்டோம் என்று இருந்துவிடாதீர்கள். அது பாஸ்வேர்டை மட்டும்தான் பூட்டும். அவர் வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச் கீ அப்படியே வேலை செய்யும், லிங்கர் இருந்தால் அவருடைய சேவைகளும் ஓடிக்கொண்டே இருக்கும். சேஜ் (chage) கமாண்டில் பெரிய எழுத்து ஈ ஆப்ஷனோடு 1 கொடுத்துக் கணக்கையே காலாவதியாக்குங்கள். லிங்கரை நீக்குங்கள், குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைகளின் பட்டியலான கிரான்டாபைப் பாருங்கள், அவர் பெயரில் ஓடும் புரோகிராம்களை நிறுத்துங்கள். அப்புறம் எஸ்எஸ் பட்டியலை மறுபடி எடுத்து, அவர் பிடித்து வைத்திருந்த போர்ட் விடுபட்டுவிட்டதா என்று பார்த்துவிட்டு, அதே எண்ணை நம்பி வேலை செய்துகொண்டிருந்த மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.